இடுகாட்டில் மெட்டல் டிடெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், சிவகளை பக்கம் பழைய ஈமக்காடுகளைப் பார்க்க வருகிறவர்களோடு பேசுவது என் வழக்கம். கல்லூரிப் பிள்ளைகள், சுற்று வட்டார ஊர்க்காரர்கள், விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுத் தமிழர்கள் எனப் பலரும் வருவார்கள். கொஞ்ச காலமாக, எதைப் பற்றி ஆரம்பித்தாலும் பேச்சு மெட்டல் டிடெக்டரில் வந்து நிற்கிறது. கருவி ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது, அதை வைத்துத் தோண்டும் வீடியோக்களும் குவிந்து கிடக்கின்றன. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மெட்டல் டிடெக்டர் தங்கம் எது, இரும்பு எதுன்னு சரியா சொல்லிடுமா?

சொல்லாது. கருவியின் அடியில் உள்ள கம்பிச்சுருளில் மாறுமின்சாரம் ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அதில் உலோகம் அகப்பட்டால் உலோகத்துக்குள் சிறு சுழல் மின்னோட்டம் எழும். அது திருப்பித் தரும் சமிக்ஞையை இன்னொரு சுருள் பிடிக்கும். அந்தச் சமிக்ஞை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து, இரும்பாக இருக்கலாம், செம்பாக இருக்கலாம், வெள்ளியாக இருக்கலாம் என்று கருவி ஊகிக்கிறது. அவ்வளவுதான். மெல்லிய தங்கத் தகடும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாளும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். ஆணி, தகரம், சோடா மூடி என்று ஓயாமல் ஒலிக்கும் என்பதால் பெரும்பாலானவர்கள் இரும்பை ஒதுக்கிவிடும்படி கருவியை வைத்துக்கொண்டுதான் தேடுவார்கள். நம் பக்கத்துப் பழைய ஈமக்காடுகளில் ஏராளமாக இருப்பதோ வாள், ஈட்டிமுனை, கத்தி போன்ற இரும்புப் பொருள்கள். துருப்பிடித்த அந்த இரும்பு ஏன் தங்கத்தைவிடப் பெரியது என்று கீழே தாழிகளை, அதாவது இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானைகளைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

இருபது அடி ஆழம் காட்டும்னு விளம்பரத்துல போட்டிருக்காங்களே?

நம்ப வேண்டாம். வழக்கமான கைக்கருவி ஒரு காசை ஓர் அடிக்குள் கண்டால் பெரிய விஷயம். அண்டா போன்ற பெரிய உலோகப் பொருளை அதைவிடக் கொஞ்சம் ஆழத்தில் காட்டும். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில் மண்ணே இரைச்சல் கொடுக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தையே காட்டும் என்று சொல்லி விற்கும் கருவிகள் சுத்த மோசடி. இரிடியம் கலசம் என்ற பெயரில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இதுவும் அதே வகைதான்.

கருவி வச்சிருக்கிறதே தப்பா?

இல்லை. கடற்கரை மணலில் விழுந்த மோதிரத்தைத் தேடலாம். மண்ணில் புதைந்துபோன குழாய் மூடியைத் தேடலாம். தொல்லியல் ஆய்வாளர்களே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த புல்வெளி 1983இல் தீயில் எரிந்துபோன பிறகு, அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் டிடெக்டர்களோடு வரிசையாக நடந்தார்கள். ஒவ்வொரு குண்டும் தோட்டா உறையும் கிடந்த இடத்தைக் குறித்து, போர் எப்படி நகர்ந்தது என்பதை எழுதினார்கள். எங்கே தேடுகிறோம், யாரிடம் கேட்டுவிட்டுத் தேடுகிறோம், கிடைத்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் தோண்டப் போறதில்லை. இடுகாட்டுல சும்மா நடந்து பார்த்தா யாருக்கு என்ன நஷ்டம்?

ஒலி கேட்டதும் குனியாமல் வருகிறவரை நான் பார்த்ததில்லை. கருவியின் வேலையே குனிய வைப்பதுதான். சரி, நீங்கள் உறுதியானவர் என்றே வைத்துக்கொள்வோம். அடக்கம் முடிந்து முப்பது நாள்கூட ஆகாத குழிமேட்டின் பக்கம் ஒருவர் கருவியோடு நடப்பதை அந்த வீட்டுப் பெண் பார்த்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? நீங்கள் தோண்டவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருக்காது.

சட்டமும் இதைப் பார்க்கிறது. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே அடக்க இடத்திலோ ஈமச்சடங்கு செய்யும் இடத்திலோ அத்துமீறி நுழைந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 297ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 301ஆம் பிரிவு. மண்ணைக் கிளறியிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

செத்தவங்களுக்கு நகை எதுக்கு? மண்ணோட மண்ணா போறதை எடுத்து நாலு ஏழைக்குக் கொடுத்தா புண்ணியம்தானே?

அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் பலர் உண்மையாகவே நல்ல மனதோடு கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிடெக்டர் பொழுதுபோக்கின் அடிப்படையே, யாரோ தொலைத்ததை நான் கண்டெடுக்கிறேன் என்பது. கடற்கரைக்கு அது பொருந்தும். கல்லறையில் இருப்பது தொலைந்த பொருள் இல்லை. ஒருவர் கையால் இன்னொருவர் உடலோடு வைத்த பொருள். நெற்றியில் வைத்த ஒற்றை ரூபாயாக இருக்கட்டும், விரலில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டதாக இருக்கட்டும், கழற்ற மனம் வராமல் விட்ட மூக்குத்தியாக இருக்கட்டும், அதை வைத்தவர் அதன் விலையைத் தெரிந்தேதான் வைத்தார். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு தேவை இருந்திருக்கும். அப்படியும் அங்கே வைத்தார். அந்த முடிவை மாற்ற நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

ஏழைகளுக்கு உதவும் ஆசை நல்லது. அதற்கு உங்கள் பணத்தைக் கொடுங்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதிகம் தோண்டப்படுவது யாருடைய கல்லறை? சுற்றுச்சுவரும் காவலும் உள்ள வசதியானவர்களின் கல்லறையை யாரும் தொடுவதில்லை. ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில், வேலிகூட இல்லாத இடுகாடுகளில்தான் இரவில் மண்வெட்டி விழுகிறது.

சரி, அது நேத்து செத்தவங்களுக்கு. மூவாயிரம் வருஷத் தாழிக்கு யாரு சொந்தம் கொண்டாடப் போறா?

பெயர் சொல்லி அழ யாரும் இல்லை, உண்மைதான். ஆனால் வைத்தவர் கை அங்கேயும் இருக்கிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண், கணவனை இழந்த நிலையில், குயவரிடம் ஈமத்தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்கிறாள். தாழி என்றால் நம் கண்ணுக்குப் பெரிய பானை. அந்தப் பாட்டைப் படித்த பிறகு ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டு மேடான பரம்பில் நின்றால், உடைந்து கிடக்கும் விளிம்பைக் காலால் தட்ட மனம் வராது.

அப்புறம், அந்தத் தாழி இன்று வாழும் எல்லாருக்கும் ஒரு செய்தியை வைத்திருக்கிறது. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த மண்ணோடு கிடைத்த நெல் உமியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று முடிவு வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அது அறிவிக்கப்பட்டபோது தாமிரபரணிக் கரையின் வரலாறே 3,200 ஆண்டுகள் என்று பேச்சானது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில், அதே சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடந்த கரித்துண்டுகளின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போனது. அந்தக் காலக்கணக்கைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கட்டும். அவர்கள் விவாதிக்கவாவது அந்தக் கரித்துண்டு இரும்பின் பக்கத்திலேயே கிடந்தாக வேண்டும்.

தங்கம் தேடுகிறவர் முதலில் செய்வது என்ன? தாழிக்குள் இருக்கும் மண்ணை வாரி வெளியே கொட்டுவார். உமி போயிற்று, கரி போயிற்று. எலும்பு நொறுங்கிப் போயிற்று. துருப்பிடித்த இரும்பை எடுத்து எறிவார். கருவி முதலிலேயே ஒதுக்கிவிட்டதுதானே அது. அவர் கையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு மணிகள். எந்தத் தாழி, எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன இருந்தது என்று எதுவும் தெரியாத மணிகள்.

அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இப்ப தொல்லியல் துறை தோண்டுது. அவங்க செஞ்சா ஆராய்ச்சி, நாங்க செஞ்சா திருட்டா?

நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்கக்கூடாது.

ஆதிச்சநல்லூரை முதலில் தோண்டியவர் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர். ஆண்டு 1876. எடுத்தவற்றை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார். அடுத்து 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் காலத் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கப் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று எடுத்துப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-05இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. ஆனால் அதன் முழு அறிக்கைக்காக ஒன்றரைப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்த பிறகுதான், 2019இல், கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக்கணிப்பு வெளியே வந்தது. ஈமக்காட்டைத் திறந்துவிட்டு, கண்டதைச் சொல்லாமல் வைத்திருப்பதும் இறந்தவருக்குச் செய்யும் அநீதிதான். இதை எந்த அதிகாரி முன்பும் சொல்வேன்.

ஆனால் அதிலிருந்து, அப்படியானால் நானும் தோண்டுவேன் என்று வர முடியாது. அகழாய்வில் மண் அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. அளந்து, வரைந்து, படமெடுத்து, மண்ணையும் சலித்துப் பார்த்துத்தான் பொருளை எடுப்பார்கள். பொருள் யார் வீட்டுக்கும் போவதில்லை. கீழடிக்குப் பக்கத்து ஈமக்காடான கொந்தகையில் கிடைத்த எலும்புகளை மரபணு ஆய்வுக்கு உட்படுத்துவது, கீழடியில் வாழ்ந்தவர்கள் யார் என்று அறிவதற்காக. ஆதிச்சநல்லூரில் 2023 முதல் தாழிகளை எடுக்காமல், இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடி பதித்துக் காட்டுகிறார்கள். என் மனதுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. எடுக்காமலே பார்க்க முடியும் என்றால் எடுக்கக்கூடாது.

என் சொந்த நிலத்துல உழும்போது தாழி வந்தா?

உழவை அந்த இடத்தில் நிறுத்துங்கள். தாழியை எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டாம். இருக்கிறபடியே ஒரு படம் எடுத்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தாசில்தார் வழியாகத் தொல்லியல் துறைக்குப் போகும். மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் நேராகவும் சொல்லலாம்.

நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பல ஊர்களில் தாழியை இரவோடு இரவாக உடைத்துப் போடுகிறார்கள். ஒரு தாழி வந்ததற்காக யார் நிலமும் உடனே அரசுடைமை ஆகிவிடாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டுமென்றால் முறையான அறிவிக்கை வர வேண்டும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்டுவிட்டால் மட்டும் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி நிலத்தின் சொந்தக்காரரே ஆனாலும் அனுமதியில்லாமல் தோண்ட முடியாது.

புதையல்ல நாலுல மூணு பங்கு கண்டுபிடிச்சவனுக்குன்னு சட்டமே சொல்லுதாமே?

பாதியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் அது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்குப் பிணை கொடுக்க வேண்டும். ஆட்சியர் அறிவிப்புக் கொடுத்து விசாரிப்பார். யாரும் உரிமை நாட்டாமல், ஆட்சியர் அதை உரிமையாளர் இல்லாதது என்று அறிவித்தால்தான் கண்டவருக்கு முக்கால், நில உரிமையாளருக்குக் கால் என்ற பேச்சு வரும். அப்போதும் அரசு விரும்பினால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ளலாம். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

நூறு ஆண்டு பழைய பொருளாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேரும். உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்ய முடியாது. தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டிவிட்டு, எனக்கு முக்கால் பங்கு உண்டு என்று 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை நம்பி இறங்காதீர்கள்.

இங்கிலாந்துல இது பெரிய பொழுதுபோக்காமே, கோடிக்கணக்குல கிடைக்குதாமே?

கிடைத்திருக்கிறது. 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வயலில் டிடெக்டர் வைத்திருந்தவர் ஆங்கிலோ-சாக்ஸன் தங்கக் குவியல் ஒன்றைக் கண்டார். 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டு, அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அது வயல், கல்லறை அல்ல என்பதைக் கவனியுங்கள். நிலத்துக்காரர் அனுமதியோடு தேடினார், கண்டதை அதிகாரிகளிடம் தெரிவித்தார்.

அங்கேயும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புதைத்த மனித எலும்புகளை எடுக்க 1857 முதலே உரிமம் வேண்டும். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கிடைத்ததை 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். வயலில் தேடும்போது எலும்பு தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்களுடைய நடத்தை விதியே சொல்கிறது. இரவில் திருட்டுத்தனமாகத் தேடுகிறவர்களை அங்குள்ள டிடெக்டர்காரர்களே தங்களோடு சேர்ப்பதில்லை. அயர்லாந்தில் 1987 முதல், தொல்பொருள் தேடுவதற்காக இந்தக் கருவியை எடுக்கவே உரிமம் கேட்கிறார்கள். நம் ஊர் வீடியோக்களில் இவை எதுவும் வருவதில்லை.

பழைய வெள்ளைக்காரன் கல்லறை. யாரும் வர்றதில்லை, புதர் மண்டிக் கிடக்கு. அங்கயுமா?

அங்கேயும்தான். யாரும் வருவதில்லை என்பது அனுமதி ஆகாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்கும். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். மற்றவை சபைக்கோ மறைமாவட்டத்துக்கோ ஊராட்சிக்கோ சொந்தமானவை. அப்புறம், மண்ணில் அதிகம் ஒலிப்பது பெட்டியின் ஆணியும் கைப்பிடியும்தான். பிணப்பெட்டியின் ஆணிக்காக ஒரு மனிதரைக் கிளறிப் பார்க்க வேண்டுமா?

முஸ்லிம் மையவாடியைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அங்கே உடலைக் கபன் துணியில் சுற்றி, நகை எதுவும் இல்லாமல்தான் அடக்குவார்கள். தேடுவதற்கே எதுவும் இல்லாத இடத்தில் கருவியோடு நுழைந்தால், மனத்தைப் புண்படுத்துவது மட்டும்தான் மிச்சமாகும்.

எங்க ஆச்சி கல்லறை எதுன்னே தெரியல. இரும்புச் சிலுவை மண்ணுக்குள்ள போயிருச்சு. அதைக் கண்டுபிடிக்க டிடெக்டர் எடுக்கலாமா?

எடுக்கலாம். இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் கருவிக்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. பங்குக் கோவிலிலோ சபையிலோ அடக்கப் பதிவேடு இருக்கும். அதில் ஆண்டையும், சில இடங்களில் வரிசையையும்கூடக் காணலாம். கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2ஆம் தேதி, ஊரின் மூத்தவர்கள் எல்லாரும் அங்கே வருவார்கள். அவர்களிடம் கேட்டால் ஆச்சிக்கு வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

அதன் பிறகு பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கி, பகலில், கல்லறைப் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, மேலோட்டமாகத் தேடுங்கள். ஒலி வந்த இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். சிலுவையின் முனை தெரியும் அளவுக்குக் கையால் மண்ணைத் தள்ளினால் போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். தோண்டாமலே குழிகளின் எல்லையை அறிய, தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் இதைவிட நல்ல கருவி. பெரிய கல்லறைத் தோட்டங்களுக்கு அதையே சொல்வேன்.

அடக்கத்தின்போது என் கல்யாண மோதிரம் கழன்று விழுந்துருச்சு. அது நான் தொலைச்சதுதானே?

ஆமாம், அது உங்களுடையது. யாரும் உடலோடு வைத்த பொருள் அல்ல. சுற்றிலும் உள்ள தரையில் தேட, இறந்தவர் குடும்பத்திடமும் பொறுப்பாளரிடமும் சொல்லிவிட்டுத் தேடலாம். கேட்கும் நேரமும் முக்கியம். பதினாறாம் நாள் கழியட்டும்.

குழிக்குள்ளேயே விழுந்திருந்தால், விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். மூடிய குழியைத் திறப்பது உங்கள் விருப்பத்தாலோ அந்தக் குடும்பத்தின் சம்மதத்தாலோ மட்டும் நடக்கக்கூடிய காரியமல்ல, அதிகாரிகளின் அனுமதி வேண்டும். மோதிரத்துக்காக அதை யாரும் கேட்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

சுடுகாட்டுச் சாம்பல்ல கிடைக்கிற தங்கத்தை மயானத்துல வேலை பார்க்கிறவர் எடுத்துக்கிறாரே, அது மட்டும் சரியா?

இதைக் கேட்கும் தொனி எனக்குப் பல நேரம் பிடிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் அந்த வேலையில் தள்ளப்பட்டு, கூலியும் மரியாதையும் கிடைக்காமல் நிற்கிற ஒருவரைப் பார்த்து, உன் கையில் என்ன என்று கேட்கிறோம். பல ஊர்களில் எரிந்த இடத்தில் மிஞ்சுவது அவருக்கு என்பது எல்லாரும் அறிந்த வழக்கம். குடும்பமும் அதைத் தெரிந்தேதான் நகையைக் கழற்றாமல் விடுகிறது. அறிந்து விட்டதை எடுப்பது திருட்டு ஆகாது. குடும்பத்துக்குத் தெரியாமல், அவர்கள் அஸ்தி எடுக்க வரும் முன்னே எடுத்தால் அது வேறு. வேண்டாம் என்று நினைக்கும் குடும்பம் நகையை முன்பே கழற்றிவிட்டு, அவருக்கு உரிய கூலியைக் கையில் முழுதாகக் கொடுக்கட்டும்.

வெளியிலிருந்து ஒருவர் டிடெக்டரோடு வந்து சாம்பலைக் கிளறுவதை இதோடு ஒப்பிடவே முடியாது. அவருக்கு அந்த உடலோடு எந்த உறவும் இல்லை, எந்தக் கடமையையும் அவர் செய்யவில்லை.

யுத்த நேரம் எங்கட ஆக்கள் தாட்டு வச்ச நகை வன்னிக் காணிக்குள்ள கிடக்கு. தேடுறது பிழையோ?

உங்கள் குடும்பம் ஒளித்து வைத்தது உங்கள் பொருள். இறந்தவரோடு வைத்ததல்ல. அதைத் தேடுவதில் பிழை இல்லை. ஆனால் அந்த மண்ணில் இரண்டு விஷயங்களை மறக்க முடியாது. ஒன்று, வெடிக்காத குண்டும் கண்ணிவெடியும். கருவி ஒலிக்கும் உலோகம் அதுவாகவும் இருக்கலாம். அதனால் கண்ணிவெடி அகற்றி முடித்த காணியா என்று உறுதி செய்யாமல் மண்ணைத் தொடவே கூடாது. இரண்டு, 2009இல் இலங்கை யுத்தத்தின் கடைசி மாதங்களில் அடையாளம்கூட வைக்க முடியாமல் அவசரமாகப் புதைக்கப்பட்டவர்கள்.

எலும்போ துணியோ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். பக்கத்தில் கிடக்கும் காப்பு, பொத்தான், தகடு எதையும் எடுக்க வேண்டாம். 2023இல் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது கொக்குத்தொடுவாய்ப் புதைகுழி வெளிப்பட்டது. செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தகனமேடைக்காகத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் ஒரு பள்ளிக்கூடப் பையும் பொம்மையும் வளையலும் கிடைத்தன. அந்த ஆகஸ்டில் அங்கே எடுத்த பொருள்களை மக்கள் வந்து பார்த்து அடையாளம் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்கு அந்த வளையல்தான் விடை. அதை ஒருவர் ஞாபகப் பொருளாகவோ விலைக்காகவோ எடுத்துப் போனால் விடையும் போய்விடும், வழக்குக்கான சாட்சியமும் போய்விடும். காவல் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள், நீதவான் கட்டளை வரும் வரை இடத்தை மூடி வையுங்கள். ஒரு சட்டத்தரணியையும் கூட வைத்துக்கொள்வது நல்லது.

தாழி இருக்கிற இடத்தை வீடியோ எடுத்துப் போடுறேன். விழிப்புணர்வுதானே?

தாழியைக் காட்டுங்கள், வழியைக் காட்டாதீர்கள். ஊர்ப்பெயர், பாதை, ஜிபிஎஸ் எண் எதுவும் வேண்டாம். காவல் இல்லாத இடத்தின் வீடியோ பரவிய பிறகு யார் யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. முதலில் துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்த்த பிறகு வெளியிடுங்கள். ஏற்கெனவே வேலி போட்ட ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களைத் தாராளமாகக் காட்டலாம்.

பக்கத்து ஊர்ல ராத்திரி டார்ச் அடிச்சுத் தோண்டுறாங்க. யார்கிட்ட சொல்றது?

நேரில் போய்த் தடுக்காதீர்கள். இரவில் அப்படி வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. 100க்கோ 112க்கோ அழையுங்கள். காலையில் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். குழியை நீங்களே மூடிவிட வேண்டாம், எந்தப் பானை எப்படி உடைந்தது என்பதைத் துறையினர் வந்து பார்க்க வேண்டும். மண்மேட்டில் சிதறிய ஓடுகளும் எலும்புகளும்கூட அப்படியே கிடக்கட்டும்.

தாத்தா காலத்துல தாழியிலிருந்து எடுத்த மணியும் சின்னக் கிண்ணமும் வீட்ல இருக்கு. இப்ப சொன்னா எங்களைப் பிடிச்சுப் போடுவாங்களா?

தானாக முன்வந்து ஒப்படைப்பவரை யாரும் குற்றவாளியாகப் பார்த்து நான் கண்டதில்லை. அருங்காட்சியகங்களில் இருக்கும் பல பொருள்கள் அப்படி ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவைதான். பயமாக இருந்தால் ஊர் ஆசிரியரையோ வழக்கறிஞரையோ கூட்டிக்கொண்டு மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்கள். விற்க மட்டும் முயலாதீர்கள், அதன் சட்டம் மேலே இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவரை அந்த இடத்துக்கே அழைத்துப் போய், எந்த மரத்துக்குக் கிழக்கே, எந்த வரப்பில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, கூட வேறென்ன இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணியைத் தேய்த்துக் கழுவாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு தனித்தனித் தாளில் மடித்து, அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.